கோயில் ஏற்றத்தில் என் காரை யாரும் தள்ளவில்லை

என் வண்டியை இன்றுவரை யாரும் தள்ளியது கிடையாது. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, ஒண்டிக்கடை நாற்சந்தியில் டீ குடிக்கும் இடமெல்லாம் வேறு கதை சொல்லிக்கொண்டு திரிகிறான். சேர்வராயன் கோயில் ஏற்றத்தில் என் காரைத் தன் கையால் தள்ளி ஏற்றினானாம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பேனா பிடித்தால் எனக்குக் கை வலிக்கும். வலித்தாலும் பரவாயில்லை, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இந்த மலையில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. ஏற்றத்தில் வண்டியைத் தள்ளவிட்டால் தோல்வி. பாரத்தை இறக்கி வைத்து ஏற்றினாலும் தோல்வி. உள்ளே இருக்கும் ஆளை இறங்கி நடக்கச் சொன்னாலும் அது பாரம் இறக்கியதாகத்தான் அர்த்தம். எவனாவது அப்படிச் செய்துவிட்டால் அடுத்த திருவிழா வரைக்கும் பேசித் தீர்ப்பார்கள். என் அப்பனும் ஆத்தாளும் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர்கள். நான் ஜீப்பில் பின்னால் தொங்கும் கிளீனராக ஆரம்பித்தேன். இன்று எனக்கு மஞ்சக்குட்டைப் பக்கம் காப்பியும் மிளகும் விளையும் நிலம் இருக்கிறது, என் ஜீப்புகள் ஓடுகின்றன. இவ்வளவும் ஆன பிறகும் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது ஒன்றுதான். மழையிலும் சேற்றிலும் என் வண்டியில் இன்னொருத்தன் கை பட்டதில்லை.

இனி காருக்கு வருகிறேன். ஏரிக்கு மேலே ஒரு பங்களா. சனி ஞாயிறுக்கு மட்டும் பெங்களூரிலிருந்து வந்து போகும் ஒரு இளைஞனுடையது. அவனிடம் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே சீட். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அது கிளம்பினால் பட்பட்டென்று பட்டாசு வெடிக்கிற சத்தம். என் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். ஒருநாள் அது ஏரிக்கரையில் நின்றது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் குனிந்தேன், அவ்வளவுதான். அந்தப் பையன் தூரத்திலிருந்தே, "அங்கிள், தொடாதீங்க" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எந்த எஞ்சினையும் எந்த ஜீப்புக்குள்ளும் இறக்கி ஓட வைத்தவன் நான். பாடியை வெட்டி நீட்டியிருக்கிறேன், லாரி ஸ்பிரிங்கை ஜீப்புக்குப் போட்டிருக்கிறேன். என்னிடம் தொடாதே என்கிறான். பிறகு ஒரு மாதம் கழித்து அந்தக் கார் விலைக்கு வருகிறது என்று பங்களா வாட்ச்மேன் சொன்னார். அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

போனதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "பையனுக்கா அங்கிள்?"

"எனக்குத்தானுங்க."

அவன் என் வேட்டியைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான். பிறகு காரில் என்னென்ன மாற்றியிருக்கிறான் என்று ஒப்பித்தான். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்று போட்டிருக்கிறான். புகைக்குழாய் புதிது. எஞ்சினுக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கு வேறு புத்தி சொல்லிக் கொடுத்திருக்கிறான். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இன்னும் தாழ்த்தியிருக்கிறான். இதில் ஒன்றாவது ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்றேன். சிரித்தான். "செக்கிங் வந்தா பழைய பார்ட்ஸ மாட்டிக்கலாம் அங்கிள். எல்லாம் அந்தப் பெட்டியில இருக்கு. நீங்க இங்கயே ஓட்டறதுன்னா பழைய ஸ்பிரிங்கயே போட்டுடுங்க. இது இந்த ரோட்டுக்கு ஆகாது."

இந்த ரோட்டைப் பற்றி எனக்குச் சொல்கிறான். "சாவியக் குடுங்க" என்றேன். தானே ஓட்டிக் காட்டுவதாகச் சொன்னான். நான் கையை நீட்டியபடியே நின்றேன். கடைசியில் கொடுத்தான். உள்ளே உட்காருவது கிணற்றுக்குள் இறங்குவது போல இருந்தது. சேலம் ரோட்டில் இரண்டு கொண்டை ஊசி வளைவு கீழே இறக்கி, திருப்பி, அதே கியரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அவன் கதவுப் பிடியை விடவே இல்லை. திரும்பி வந்ததும், "நல்லா ஓட்டறீங்க அங்கிள்" என்றான். நல்லா ஓட்டுகிறேனாம். அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே ஓட்டுகிறேன்.

புது வண்டி வாங்கினால் அது சேர்வராயனைப் பார்க்காமல் எங்கள் ஊட்டு வாசலில் ஏறக் கூடாது. அது எங்கள் வழக்கம். அதனால் காரைச் சாலையோரத்திலேயே நிறுத்திவைத்தேன். மச்சினன் வந்து முன்பக்க மூடியைத் திறந்து பார்த்தான்.

"மாமா, இதுக்கு எஞ்சினையே காணமுங்களே. நல்லா ஏமாத்திப்புட்டான்."

"சீட்டுக்குப் பின்னாடி இருக்குது. மூடு."

"அப்ப முன்னால ஒண்ணுமே இல்லீங்களா? ஏத்தத்துல மூஞ்சியத் தூக்கிக்கும். ஸ்டியரிங் நிக்காதுங்க. ரெண்டு மணல் மூட்டையப் போட்டு வெச்சாத்தான் ஆவும்."

அதில் தப்பில்லை. பின்னால் பாரம் ஏற்றினால் முன் பம்பரில் கனம் வைப்பது ஜீப்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். போடச் சொன்னேன். அவனே மூட்டைகளை வைத்து அமுக்கினான். பிறகு போகிற போக்கில், "எதுக்கும் தள்றதுக்கு நாலு பேர கோயில்ல நிறுத்தி வெக்கறனுங்க மாமா" என்றான். பக்கத்தில் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். என் மனைவிதான், "அந்த நாலு பேரும் உன்ற ஜீப்பத் தள்ளட்டும் போடா" என்றாள்.

மறுநாள் காலை அவள் பூசைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். "ஏனுங்க, இதென்ன பாய் விரிச்சு உக்காந்தாப்புல இருக்குது" என்று மட்டும் சொன்னாள். வேகத்தடைகளில் சாய்வாக ஏற்றி இறக்கினேன். அப்படியும் அடியில் கர்கர்ரென்று உரசியது. ஒவ்வொரு உரசலுக்கும் அந்தப் பெங்களூர்க்காரனைத் திட்டினேன். நல்ல வண்டியின் காலை வெட்டி மொண்டியாக்கி வைத்திருக்கிறான்.

கோயிலுக்குச் சற்றுக் கீழே, மழையில் அரித்துப்போன இடத்தில் சிமெண்ட் போட்டு மேடாக்கியிருக்கிறார்கள். அதன் விளிம்பு செங்குத்தாக நிற்கும். ஜீப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. என் காரின் மூக்கு நேராகப் போய் அதில் இடித்து நின்றது. சாய்வாக முயன்றேன், வழி குறுகல். மறுபடியும் இடித்தது. முன்னதாகவே வந்திருந்த மச்சினன் சாமிக்குக் குழைத்த சந்தனத்தோடு மேலேயிருந்து இறங்கி வந்தான். பின்னாலேயே அந்த நாலு பேர். இரண்டு பேர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டே வந்தார்கள்.

"விடுங்க மாமா, மூட்டைய எறக்கிப்போடலாம். அக்காவும் எறங்கி நடக்கட்டும். நாங்க ஒரு தள்ளுத் தள்றோம்."

"எவனாச்சும் தொட்டீங்கன்னா கைய ஒடிச்சுப்போடுவேன்" என்றேன்.

மூட்டையை இறக்கினால் கார் ஏறிவிடும். எனக்கும் அது தெரியும். ஆனால் ஏற்றத்தில் மூட்டையை இறக்கிய வண்டி என்று நாளைக்கு இவனேதான் பேசுவான். என் மனைவியைப் பார்த்தேன். தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னையென்ன பாக்கறீங்க? நான் எறங்க மாட்டன்" என்றாள்.

எனக்கு அது போதும். காரைப் பின்னால் எடுத்து, கீழே அகலமான இடத்தில் திருப்பினேன். முன்பக்கம்தானே தாழ்வு, பின்பக்கம் ஒரு சாண் உயரம். முன்னால் ஏறாத சேற்று வழியில் ஜீப்பை ரிவர்ஸில் ஏற்றிக்கொண்டு போவது நான் கிளீனராக இருந்தபோதே பார்த்த வித்தை. ஆனால் இந்தக் காரில் பின்கண்ணாடி பேருக்குத்தான் இருக்கிறது. அதில் ஒன்றும் தெரியாது. என் மனைவி கதவுக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். "வாங்க, வாங்க. எம்பக்கம் கொஞ்சம் ஒடிங்க. போதும். அப்படியே நேரா வாங்க" என்றாள். எந்தக் கிளீனரும் அவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை.

சிமெண்ட் விளிம்பில் பின்சக்கரம் முட்டியபோது கிளட்ச் கருகி நாறியது. கார் ஒரு கணம் கீழ்நோக்கி உருண்டது. அப்போது மச்சினன், சந்தனக் கிண்ணத்தோடு, மூக்குக்கு நேர் கீழே வந்து நின்றிருந்தான். வேடிக்கை பார்க்க வந்தவன். கார் தன்மேல் வருவதைப் பார்த்ததும் கிண்ணத்தை விட்டுவிட்டுக் காரின் முன்மூடிமேல் கை வைத்துப் பக்கவாட்டில் தாவினான். நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். பட்பட்டென்று வெடித்துக்கொண்டு, டர்போ சீழ்க்கை அடிக்க, கார் விளிம்பைத் தாண்டிக் கோயில் வரை ஏறிப் போய் நின்றது. மூட்டையும் உள்ளே, மனைவியும் உள்ளே.

பூசாரி தேங்காயும் கையுமாகக் காரைச் சுற்றி வந்தார். "சாமிக்கு முதுகு காட்டிட்டு நிக்குதுங்களே. எந்தப் பக்கம் ஒடைக்கறதுங்க?"

"சக்கரம் நாலு பக்கமும் இருக்குதில்லீங்க. ஒடைங்க" என்றேன்.

எலுமிச்சை நசுக்கி முடித்த பிறகுதான் மச்சினன் வந்து சேர்ந்தான். முழங்கையில் சிராய்ப்பு. "நான் மட்டும் கை வெக்கலீன்னா வண்டி பள்ளத்துல கெடக்குமுங்க மாமா. நாந்தான் தள்ளி உட்டேன்" என்றான். எல்லோர் முன்னாலும் சொன்னான். அன்றிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் ஊட்டுக்கு நான் போவதில்லை. அவன் வந்தால் என் மனைவி சோறு போடுகிறாள், நான் தோட்டத்துக்குப் போய்விடுகிறேன்.

செல்போனில் எடுத்த படத்தைக் காட்டச் சொன்னேன். அந்த நேரத்தில் எடுத்தவனும் பயந்து ஓடியிருக்கிறான். வானமும் புல்லும்தான் தெரிகிறது. போகட்டும். என்னிடம் அதைவிட நல்ல சாட்சி இருக்கிறது. காரின் முன்மூடியில் மச்சினனின் கை சந்தனத்தோடு பதிந்திருக்கிறது. வண்டியைத் தள்ளுகிறவன் உள்ளங்கையை அழுத்தித் தள்ளுவான். அங்கே பதிந்திருப்பது விரல் நுனிகள் மட்டும். அதுவும் பக்கவாட்டில் இழுபட்டுக் கிடக்கிறது. உயிருக்குப் பயந்து தாவினவன் கை அது. சந்தேகம் இருப்பவர்கள் வந்து பார்க்கலாம், காப்பி தருகிறேன்.

அதனால் இன்னும் காரைக் கழுவவில்லை. மெக்கானிக் வந்து, பெட்டியில் இருக்கும் பழைய ஸ்பிரிங்கை மாட்டிக் கொடுக்கிறேன் என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். முன்மூடிமேல் அவர் சாயாமல் வேலை நடக்காது. நேற்று மழை இறங்குகிற மாதிரி இருந்தது. மிளகு காயவைக்கும் தார்ப்பாயைக் கொண்டுபோய்ப் போர்த்திவிட்டு வந்தேன். மிளகு நனைந்தது. நனையட்டும்.