மேடேறிய கறிபாப்

மலேசியாவில், தாப்பா ஊருக்கு மேலே, ஆற்றோர மணல்திட்டில் கூட்டம் நடக்கிறது. மச்சான் ஓட்டும் அரசாங்க ஜீப்பில் ஓசியில் வந்த எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது. மேசைமேல் ஆற்றின் வரைபடம், பக்கத்தில் உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த கறிபாப் ஒரு தட்டு.

எந்த இடத்தில் குழாய் போட்டுத் தண்ணீர் எடுப்பது என்று, எல்லாரும் 'துவான்', அதாவது ஐயா, என அழைக்கும் ஆபீசர் மலாயில் விளக்குகிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர் பாத்தின், இங்குள்ள பூர்வகுடி ஓராங் அஸ்லிகளின் ஊர்த்தலைவர். அவர் ஊர் குடிப்பதும் இதே தண்ணீரைத்தான். அவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்க்கிறார். தண்ணீர் கலங்கி, சருகு அடித்து வருகிறது. கையைத் தூக்குகிறார்.

"ஊர்க்காரங்க கருத்து கடைசியிலதான், பாத்தின். அதுவரைக்கும் பொறுங்க," என்று ஆபீசர் அச்சடித்த தாளைத் தட்டிக் காட்டுகிறார்.

பாத்தின் பொறுக்கிறார். ஆனால் கறிபாப் தட்டைத் தூக்கிக்கொண்டு கரைமேட்டில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார். ஆபீசர் முகம் சுளிக்கிறார்.

ஆற்றைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தட்டு போகும் திசை தெரியும்.

"மச்சான், கறிபாப்பே மேல போயிருச்சு. நாமளும் போலாம் லா."

மேட்டில் நான் இரண்டாவது கறிபாப்பைக் கடிக்கும்போது, மலையில் பெய்த மழையெல்லாம் ஆற்றில் வந்து சேர்கிறது. நாற்காலிகள் மிதக்கின்றன. வரைபடம் தாப்பாவுக்குப் புறப்படுகிறது. ஆபீசர் இடுப்புவரை நனைந்து மேடேறுகிறார்.

"ஏன் சொல்லல?" என்று கத்துகிறார்.

பாத்தின் மிச்சமிருக்கும் ஒரே கறிபாப்பை அவரிடம் நீட்டுகிறார்.

"கடைசி வந்திருச்சா, துவான்? இப்ப சொல்லலாமா?"