எட்டேகால் மணித் தூக்கம்

பத்தாம் வகுப்புப் படித்த வருடம், மார்கழி பிறந்ததிலிருந்து, தினமும் காலை எட்டேகால் மணிக்கு எனக்குத் தூக்கம் வந்தது. அப்போதுதான் ஏழே முக்காலுக்குக் கணக்கு சிறப்பு வகுப்பு வைக்க ஆரம்பித்தார்கள். அரை மணி நேரம் ஒழுங்காக இருப்பேன். பிறகு கரும்பலகையில் இருக்கும் வட்டம் மெல்ல நீள ஆரம்பிக்கும். அடுத்து எனக்குத் தெரிவது, வாத்தியார் எறிந்த சாக்பீஸ் நெற்றியில் பட்ட இடம்தான்.

எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கூடம் இருந்த வேடசந்தூருக்கு ஆறு கிலோமீட்டர். பனியில் சைக்கிள் மிதித்துப் போவேன். அம்மாவுக்கு நூல் மில்லில் முதல் ஷிப்ட். மில் பஸ் ஐந்து மணிக்கெல்லாம் ஊர் முக்கில் வந்து ஹாரன் அடித்துவிடும். அம்மா போன பிறகு அடுப்பு அப்பாவுடையது. அப்பா காட்டுவேலைக்காரர். சமையலில் அவருக்குத் தெரிந்தது கேழ்வரகுக் களி ஒன்றுதான். சட்டியை இறக்கி, இரண்டு பாதத்தாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, துடுப்பால் கிண்டுவார். நிலத்தோடு மல்லுக்கட்டுவது போலத்தான் களியோடும் மல்லுக்கட்டுவார். பிறகு உருட்டி என் தட்டில் வைப்பார். அந்த உருண்டை தேங்காய் அளவு இருக்கும். உரித்த தேங்காய் இல்லை, மட்டையோடு. கூடவே ஒரு செம்பு நீச்சத்தண்ணி, பழைய சோற்றில் வடித்தது.

"நல்லாத் தின்னுலே. படிக்கிற புள்ள."

தட்டில் மீதம் வைப்பது என்ற பழக்கமே எங்கள் வீட்டில் கிடையாது. நாலாவது படித்த தங்கச்சி மட்டும் மூன்று வாய்க்கு மேல் தின்ன மாட்டாள். அப்பா திரும்பும் நேரம் பார்த்துத் தன் மீதியையும் என் தட்டுக்குத் தள்ளிவிடுவாள். சாப்பிட்டு எழும்போது கேலி வேறு செய்வாள்.

"அண்ணே, ஆட்ட முழுங்குன மலப்பாம்பு மாதிரி இருக்க."

ஒரு திங்கட்கிழமை வாத்தியார் சாக்பீஸ் எறியவில்லை. பக்கத்தில் வந்து நின்று நிதானமாகச் சொன்னார். "இந்த மாசத்துக்குள்ள இந்தத் தூக்கத்த விடல, அப்பாவக் கூட்டிட்டு வர வேண்டியிருக்கும்."

அதைக் கேட்டதும் தூக்கம் முழுதாகப் போய்விட்டது. எங்கள் குடும்பத்தில் பத்தாவது வரை வந்த முதல் ஆள் நான். மில் சூப்பர்வைசர் அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டார், பத்தாவது முடிந்ததும் பையனை அனுப்பு என்று. "படிப்பு ஏறலைன்னாப் பாத்துக்குவம்" என்று அப்பா பதில் சொல்லி வைத்திருந்தார். கணக்கு வகுப்பில் மகன் குறட்டை விடுகிறான் என்று அப்பா காதில் விழுந்தால், பதினோராம் வகுப்பு எனக்கு இல்லை.

எனக்கு அறிவியல் பிடிக்கும். ஒரு சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று படித்திருந்தேன். சாப்பாடுதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. சனி, ஞாயிறில் வெயில் ஏறிய பிறகுதான் சாப்பிடுவேன், எட்டேகாலுக்குத் தூக்கம் வருவதில்லை. அப்படியானால் களியில்தான் ஏதோ இருக்கிறது. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டம் போட்டேன்: தேதி, சாப்பிட்டது, கண் சொருகிய நேரம். மூன்றாவது கட்டத்துக்குப் பக்கத்துப் பையனின் கைக்கடிகாரம். நான் சாய்ந்ததும் அவன் என் விலாவில் ஒரு குத்து விட்டு மணியைச் சொல்வான். இந்த வேலையை மிகவும் விருப்பமாகச் செய்தான்.

"நாளைக்கு வேற ஏதாச்சும் செய்யுங்கப்பா" என்று கேட்டேன்.

அப்பா கோபப்படவில்லை. அவருக்கும் அது ஒரு புது விளையாட்டாகிவிட்டது. அம்மாவிடம் பக்குவம் கேட்டுக்கொண்டு கம்பங்கூழ் வைத்தார்: எட்டு இருபது. சுடுசோறும் துவையலும்: எட்டு பதினாறு. பழைய சோறும் முந்தின நாள் குழம்பும்: எட்டு பதினாலு. சர்க்கரைவள்ளிக் கிழங்கை அடுப்பில் சுட்டு ஒரு சட்டி நிறைய வைத்தார்: எட்டு பதினெட்டு. என்ன தின்றாலும் தூக்கம் எட்டேகாலைச் சுற்றியேதான் நின்றது. இது எப்படி என்று எனக்குப் பிடிபடவே இல்லை. ஒருவேளை பனி காரணமோ, சைக்கிள் காரணமோ என்றெல்லாம் யோசித்தேன்.

டவுன் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அப்பா டீக்கடையில் விசாரித்துவிட்டு வந்தார்.

"ரொட்டியாம்லே. பிரெட்டு. அது காய்ச்சக்காரனுக்குக் குடுக்கிறதுல்ல?"

இருந்தும் ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். காலையில் அதைப் பார்த்ததும் தங்கச்சி என் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். "யப்பா, அண்ணனுக்கு மேலு சுடலையே!"

முழுப் பாக்கெட்டையும் பாலில் நனைத்துத் தின்றேன். பஞ்சு மாதிரி இருக்கிறதே, இது எங்கே வயிற்றில் நிற்கும் என்று அப்பாவுக்குச் சந்தேகம். மேலே ஒரு களி உருண்டையும் வைத்துவிட்டார். எட்டு பன்னிரண்டு.

அன்று சாயங்காலம் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். ரொட்டியில் ஒரு துண்டுகூடத் தனக்குத் தரவில்லை என்ற கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"முழுப் பாக்கெட்டும் நீதான தின்ன? அது மேல களியும் தின்ன. என் களியவும் தின்ன. அம்புட்டையும் தின்னுட்டு, வெறும் 'ரொட்டி'ன்னு மட்டும் எழுதியிருக்க. பொய்க்கணக்கு."

நோட்டை மேலிருந்து கீழே மறுபடி வாசித்தேன். ஒவ்வொரு நாளும் பண்டத்தை மாற்றியிருந்தேன். அளவை ஒரு நாளும் மாற்றவில்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்றே நினைக்கவில்லை. நான்காவதாக ஒரு கோடு போட்டு மேலே எழுதினேன்: எவ்வளவு.

மறுநாள் தங்கச்சி தின்கிற அளவு மட்டும் தின்றேன். எட்டேகால் ஆனது. பக்கத்துப் பையன் முழங்கையைத் தயாராக வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். எட்டரை ஆனது. ஒன்பதும் ஆனது. கரும்பலகையில் வட்டம் வட்டமாகவே இருந்தது. பத்து மணிக்குத்தான் வயிறு கத்தியது. அதையும் எழுதிக்கொண்டேன்.

வீட்டில்தான் வினை. மூன்று நாள் தொடர்ந்து என் தட்டில் களி மீந்தது.

"உப்பு இல்லையாலே?"

"இருக்குப்பா."

"பெறகு?"

"போதும்ப்பா."

அப்பா அந்த மீதிக் களியில் ஒரு வாய் கிள்ளித் தின்று பார்த்தார். காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் தூங்கியதைச் சொல்ல வேண்டும். தூங்கியதைச் சொன்னால் மில். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நான்காம் நாள் பத்தரை மணி இருக்கும். வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தால், வேப்பமரத்தடியில் அப்பா நிற்கிறார். துண்டு கக்கத்தில். எதிரே கணக்கு வாத்தியார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பாதி மாதம் அந்தப் பக்கமே வர விடாமல் நான் பார்த்துக்கொண்ட மனிதர், யாரும் கூப்பிடாமலே டவுன் பஸ் ஏறி வந்து நின்றார்.

"பையன் நாலு நாளாச் சரியாவே சாப்பிடலங்க சார். களியக் கிள்ளி வச்சுட்டுப் போறான். படிக்கச் சொல்லி ரொம்ப நெருக்குறீகளோன்னு கேட்டுப் போலாம்னு வந்தேன்."

வாத்தியார் சிரித்தார். "இந்த நாலு நாளாத்தாங்க முழிச்சு உக்காந்திருக்கான். அதுக்கு முந்தி எட்டேகால் ஆனாக் கொறட்டதான்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "என்னலே?"

வேறு வழி இல்லை. நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. வரிவரியாக விரல் வைத்தார், நான் வாசித்தேன். வாத்தியாரும் குனிந்து பார்த்தார். ரொட்டி வரியில் அப்பாவின் விரல் நின்றது.

"அம்புட்டுக் காசு குடுத்து வாங்குனேன். அதுக்கா எல்லாத்துக்கும் முந்தித் தூங்குன?"

பிறகு வாத்தியாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "காட்டுல நாங்க விடியக்காலம் வெறும் நீச்சத்தண்ணிதாங்க குடிப்போம். பத்து மணிக்குத்தான் கஞ்சி வரும். வயித்த ரொப்பிக்கிட்டுக் குனிய முடியாதுல்ல. இவனுக்குப் பள்ளிக்கூடத்துல பத்து மணிக்குத் திங்க விட மாட்டீகளே. அதான் ரெண்டு வேளையையும் காலையிலயே சேத்து வச்சுவிட்டேன்."

வாத்தியார் ஏதோ சொல்ல வாய் திறந்தார். மணி அடித்தது. எல்லா வகுப்பிலிருந்தும் பிள்ளைகள் கொட்டிவிட்டது போல வெளியே ஓடி வந்தார்கள். சிலர் கொய்யாக்காரியிடம் ஓடினார்கள், சிலர் டப்பாவைத் திறந்தார்கள். அப்பா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நாலாப் பக்கமும் பார்த்தார்.

"மத்தியானம் ஆயிருச்சாலே?"

"இல்லப்பா. இண்டர்வெல்லு."

"எம்புட்டு நேரம்?"

"பத்து நிமிசம்."

"இதுல திங்கலாமா?"

"திங்கலாம்ப்பா."

"எப்ப இருந்து இது?"

"ஒண்ணாப்புல இருந்தே உண்டு."

"ஏம்லே சொல்லல?"

 பள்ளிக்கூடம் போன யாருக்கும் அது சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றாது. போகாத ஒருவருக்குத் தெரியாது என்று எனக்கும் தோன்றவில்லை.

கிளம்பும்போது அப்பா வாத்தியாரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "இவனுக்குப் படிப்பு ஏறுதுங்களா சார்?"

"முழிச்சிருந்தா நல்லாவே ஏறுது."

அப்பா தலையாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். நல்லதற்கு ஆட்டினாரா, கெட்டதற்கா என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை என் தட்டில் எலுமிச்சை அளவில் ஓர் உருண்டை இருந்தது. சைக்கிள் கைப்பிடியில் அம்மாவின் பழைய தூக்குச்சட்டி தொங்கியது. மிச்சக் களியை அப்பா மோரில் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டிருந்தார். பத்து நிமிடத்தில் குடித்துவிடலாம். மூடி சரியாக உட்காராததால் வழி நெடுக மோர் சொட்டி என் கால்சட்டை நனைந்தது.

அன்று அம்மா ஷிப்ட் முடிந்து வந்து, தலையில் ஒட்டிய பஞ்சை எடுத்தபடியே கேட்டார். "சூப்பர்வைசரு இன்னைக்கும் கேட்டாரு. என்ன பதில் சொல்ல?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"ஏலே, பதினொண்ணாப்புலயும் அந்த இண்டர்வெல்லு உண்டா?"

"உண்டுப்பா."

"அப்ப, மூடி சொட்டாத தூக்கா ஒண்ணு வாங்கணும்" என்றார் அம்மாவிடம்.