சம்ப்புக்குள் வைத்த பீர்

“...பூ வேற வச்சேனேடி, வெள்ளிக்கிழம தவறாம மல்லி வாங்கியாந்து வச்சேனே, அப்பகூட உனுக்கு வாய் தொறக்கலியா?” என்றார் வீட்டுக்கார அக்கா.

அவருடைய ஒரு கையில், சாமி அலமாரியிலிருந்து எடுத்து வந்த சின்னப் படம். இன்னொரு கையில் தண்ணீர் சொட்டும் பீர் பாட்டில். பாட்டிலின் கழுத்தில் ஒட்டியிருந்த கம்பெனிச் சீட்டிலும் அதே தாடி, அதே முக்காடு, அதே மூடிய கண்கள். நான் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தது அப்போதுதான். அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

வேங்கிக்காலில் அந்த வீட்டை வாடகைக்குக் கேட்டுப் போனபோது, கறி சமைப்பீர்களா, எத்தனை பேர் என்றெல்லாம் அக்கா விசாரிக்கவில்லை. “உன் வூட்டுக்காரரு குடிப்பாரா? அத்த மட்டும் சொல்லு” என்றார். அக்காவின் கணவர் குடித்தே போனவர். “இல்லீங்கக்கா” என்றேன். அது பொய் இல்லை, இன்றைக்கும் பொய் இல்லை. என் கணவர் குடிக்க மாட்டார். சேர்த்து வைப்பார்.

அக்கா முன் வீடு, நாங்கள் பின் வீடு. நான் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். காலையில் மகளை அக்காவின் இடுப்பில் கொடுத்துவிட்டுப் போனால் சாயந்தரம்தான் வாங்குவேன். பால் மறந்த குழந்தையாகக் கொடுத்தேன். அவள் நடந்தது, பேசியது எல்லாம் அந்த வாசலில்தான். பேச்சும் அக்காவின் பேச்சு. மழை வருமா என்று கேட்டால், “மேகம் வந்து அட்ரஸ் விசாரிச்சிட்டுப் போயிடுச்சி” என்பார் அக்கா. மகள் அதைக் கடைக்காரரிடம் போய்ச் சொல்வாள். ஊரில் யார் வாயில் நல்ல வார்த்தை வந்தாலும் மனசுக்குள் முடிந்து வைத்துக்கொள்கிறவள் நான். அக்கா ஒருவரிடமே எனக்கு அது மூட்டை மூட்டையாகச் சேர்ந்திருந்தது.

என் கணவர் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியைப் பார்த்துக்கொள்கிறார். மார்கழி தோறும் வருகிற ஒருவர், ஊருக்குக் கிளம்பும்போது நாலைந்து பாட்டிலைக் கொடுத்துவிட்டு, கூடவே ஒரு பிரசங்கமும் செய்துவிட்டுப் போனார். சும்மா பீர் வைத்தால் கெட்டுப்போகுமாம். இது கறுப்பு, காட்டமான ஜாதி. வருஷக்கணக்கில் வைத்தால் கசப்பு அடங்கி, பேரீச்சம்பழம் மாதிரி ஒரு இனிப்பு வருமாம். இருட்டு வேண்டும், குளிர்ச்சி வேண்டும், ஆட்டக்கூடாது, படுக்க வைக்கக்கூடாது. “அவங்க ஊர்ல வூட்டுக்கு அடியில இதுக்குன்னே ரூம் இருக்குதாம்மா” என்று இவர் கண்கள் விரிய என்னிடம் சொன்னார். நான் பிள்ளை பெற்றபோதுகூட அந்தக் கண் அவ்வளவு விரியவில்லை.

இந்த ஊரில் குளிர்ச்சிக்கு எங்கே போவது? “பகல்ல தின்ன வெயில ராத்திரி ஏப்பம் விடுதுடி இந்த மலை” என்பார் அக்கா. எங்கள் வீடோ கான்கிரீட் பெட்டி.

முதலில் கட்டிலுக்கு அடியில் ஈரச் சாக்கு போட்டு வைத்தார். சாக்குக்குக் கரையான் வந்தது, அப்படியே கட்டில் காலிலும் ஏறியது. ஃப்ரிட்ஜில் வைக்க மாட்டார். ரொம்பச் சில்லென்று இருந்தால் பீர் வளராமல் தூங்கிவிடுமாம். அதுவும் போக, அக்காவின் இட்லி மாவு எங்கள் ஃப்ரிட்ஜில்தான் இருக்கும். அப்புறம் பெரிய மண் தொட்டி ஒன்று வாங்கி, மணல் கொட்டி, பாட்டில்களை அதற்குள் கழுத்து வரை புதைத்து, மேலே மண் மூடி, தினமும் தண்ணீர் ஊற்றினார். அக்கா எட்டிப் பார்த்து, “இன்னா தம்பி போட்டிருக்கீங்க?” என்றார். “இஞ்சிங்கக்கா” என்றார் இவர். பாவம், அக்கா அது முளைக்கும் முளைக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். “உங்க இஞ்சிக்கு வெக்கம் ஜாஸ்தி போலக்கீது” என்று மட்டும் ஒருநாள் சொன்னார்.

ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சம் படாமல் செய்தித்தாளில் சுற்றித்தான் வைத்திருந்தார். அதன் முகத்தை நான் பார்த்ததே கிடையாது. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

போன வருஷம் கத்திரி வெயிலில் மணல் கொதிக்கிறது என்று எல்லாவற்றையும் எடுத்துப் பாத்ரூம் பரண் மேல் ஏற்றினார். மறுநாள் மத்தியானம் ஒன்று வெடித்தது. குக்கர்தான் போய்விட்டது என்று ஓடினேன். சுவரெல்லாம் கறுப்பு நுரை. கருகிய பன்னும் வெல்லப்பாகும் கலந்த மாதிரி வாடை. ஃபினாயில் ஊற்றி ஊற்றிக் கழுவினேன். சாயந்தரம் அவர் வந்ததும், “ஒண்ணு இது போவணும், இல்ல நான் கீழ்பென்னாத்தூருக்கு எங்கம்மா வூட்டுக்கே போறேன்” என்றேன். அன்றே ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். விடுதியிலேயே கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நம்பினேன். சந்தோஷத்தில் சேமியா பாயசம் வைத்துக் கொடுத்தேன். இரண்டு டம்ளர் குடித்தார்.

அவர் கொண்டுபோய் வைத்த இடம், முன் வாசலுக்கு அடியில் இருந்த சம்ப்பு. இரண்டு வீட்டுக்கும் அந்தத் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். சமைக்க, குடிக்க, சாமிக்கு அபிஷேகம் பண்ண எல்லாம் அதிலிருந்துதான். வெங்காயம் வாங்குகிற வலைப் பையில் பாட்டில்களை நிற்க வைத்து, உள்ளே இறங்கும் இரும்புப் படியில் நைலான் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். இருட்டு, குளிர்ச்சி, ஆட்டம் இல்லை. அடியில் ஒரு ரூம் கிடைத்துவிட்டது.

தண்ணீரில் பாட்டில் சீட்டு எத்தனை நாள் ஒட்டியிருக்கும்? கரண்ட் இல்லாத ஒரு பிரதோஷத்தன்று, அக்கா சம்ப்பில் வாளி விட்டு இறைத்தபோது, எழுத்து ஒன்றும் இல்லாத ஒரு சின்னப் படம் மிதந்து வந்தது. முக்காடு போட்ட தாடிக்காரச் சாமியார். சாமியார்கள் நிறைந்த இந்த மலையடி ஊரில் இது போதாதா? தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி வடநாட்டுச் சாமி என்றாள். ஒருத்தி மலைக்குள் மறைந்திருக்கும் சித்தர் என்றாள். “யாரா இருந்தா இன்னா? என்னத் தேடிகினு வந்து வாளியில ஏறினவரு” என்று அக்கா படத்தை உலர்த்தி, லேமினேஷன் போட்டு, முருகனுக்குப் பக்கத்தில் வைத்தார். நானும் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். லேமினேஷன் போட்டதே எங்கள் கடையில்தான்.

அந்த வாரம் அக்கா வீட்டில் சாமி அலமாரிக்கு மேலே ட்யூப் லைட் மாற்றப் போன என் கணவர், திரும்பி வந்து தலைவலி என்று படுத்துக்கொண்டார். நான் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். அதையும் குடித்தார்.

இந்தக் கோடையில் போர் வற்றி, லாரித் தண்ணீர் வாங்கினோம். ஹோஸிலிருந்து தண்ணீர் விழுந்த வேகத்தில் சம்ப்புக்குள் கணகணவென்று சத்தம். நிரம்பிய பிறகு லாரிக்காரர் குனிந்து கையை விட்டுத் துழாவி, பையை மேலே தூக்கினார். “இன்னாக்கா, ஃப்ரிட்ஜு ரிப்பேரா? சரக்க சம்ப்புல ஊறப் போட்டிருக்கீங்க!” என்று சிரித்தார். ஒரு பாட்டிலில் மட்டும் கழுத்துச் சீட்டு உரியாமல் இருந்தது. அக்கா அதைப் பார்த்தார். உள்ளே போனார்.

அந்த இடைவெளியில் நான் என் கணவருக்கு ஃபோன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டார்: “பாட்டில் எதுவும் ஒடையலியே?”

நான் பதில் சொல்வதற்குள், “வெயில்ல வச்சிடாத. நிக்க வை” என்றார்.

ஃபோனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே அக்கா நிற்கிறார், கையில் படமும் பாட்டிலுமாக, “பூ வேற வச்சேனேடி” என்று கேட்டுக்கொண்டு. அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் மகள்.

“அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுங்கக்கா. அவரு குடிக்கிறவரும் இல்ல...”

“குடிக்காதவன் வூட்லதான் இத்தினி பாட்டிலு” என்றார் அக்கா. குரல் உயரவே இல்லை. “இஞ்சின்னு சொன்னப்ப நீ பக்கத்துலதான நின்ன?”

நான் மகளைத் தூக்கப் பார்த்தேன்; அவள் முந்தானையை விடவில்லை.

அக்கா படத்தையும் பாட்டிலையும் படியில் வைத்தார். மோட்டாரில் பச்சை ஹோஸை மாட்டி, மறுமுனையைத் தெருச் சாக்கடைப் பக்கம் இழுத்துப் போட்டு, சுவிட்சைத் தட்டினார். இப்போதுதான் நிரப்பிய தண்ணீர், அடித்துக்கொண்டு தெருவில் ஓடியது. நாலு வீட்டுப் பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள்.

“ஐயோ, இன்னாத்துக்குக்கா வீணா உடுறீங்க? ரெண்டு கொடம் புடிச்சிக்கறோம்!”

“புடிக்காதீங்கடி. குடிக்கிற தண்ணி இல்ல அது.”

“ஏங்கக்கா, இன்னா ஆச்சி?”

அக்கா குனிந்து, முந்தானையைப் பிடித்திருந்த என் மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். பிறகு நிமிர்ந்து, எல்லாரும் பார்க்க, அவளுக்கும் கேட்டவர்களுக்கும் சேர்த்து எங்கள் வீட்டு வாசலைக் கை நீட்டிக் காட்டினார்.