நான் பிரித்துப் பார்த்த ஒட்டுக்கட்டு

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் நான் இறுதியாண்டு படித்தபோது, கல்லூரிக் கண்காட்சியில் மாங்கன்றுப் பகுதிக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். கழுத்தில் ஒரு அட்டை தொங்கினால் போதும், எனக்குத் தலைகால் புரியாது. ஒட்டுக்கன்றை மாணவர்கள் தாங்களே கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. முந்தைய வருடம் இரண்டு பேர் நர்சரியில் வாங்கிவந்து வைத்துப் பரிசும் அடித்துவிட்டார்கள். இந்த முறை என் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உத்தமபாளையத்துப் பெண் ஒருத்தி, முதலாண்டு, ஒரு கன்றைக் கொண்டுவந்து வைத்தாள். நாட்டுக் கன்றின் தலையை வெட்டிப் பிளந்து, தன் வீட்டு மரத்தின் குச்சியைச் சீவிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றியிருந்தாள். நுனியில் செம்பு நிறத்தில் இரண்டு தளிர். முதலாண்டுப் பிள்ளையின் கைக்கு அந்தக் கட்டு மிக நேர்த்தியாக இருந்தது. அதுதான் என்னை உறுத்தியது.

"நீயே கட்டுனதா?" என்றேன்.

"ஆமாக்கா. மூணு வாரத்துக்கு முன்ன எட்டுக் கட்டுனேன், இது ஒண்ணுதான் பிடிச்சிருக்கு. வீடு கட்டணும்னு முந்தாநேத்து மரத்த வெட்டிட்டாக. கெளையெல்லாம் இன்னும் சந்துலதான் கெடக்கு. அத்தாவுக்கு மனசே ஆறல. இதக் காட்டத்தான் வரச் சொல்லியிருக்கேன்."

அத்தா என்று அவள் சொன்ன தன் அப்பாவை அழைத்துவர வாசலுக்குப் போனாள். நான் நாடாவைப் பிரித்தேன். நர்சரிக் கன்றென்றால் உள்ளே ஒட்டு கூடிக் கெட்டியாகியிருக்கும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நினைப்பு. வெட்டுவாய் பச்சையாக இருந்தது. குச்சி மெல்லக் கழன்று என் விரலில் சாய்ந்தது. அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

அவசரமாகத் திரும்பச் செருகி, அதே நாடாவைச் சுற்றினேன். ஒருமுறை கழன்ற ஒட்டு இனிப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். அவர்கள் வந்தபோது கன்று முன்போலவே நின்றது. வெட்டிய குச்சி உடனே வாடாது. அன்று முழுக்க அது என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அவள் அத்தா குனிந்து, தளிரைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். "நம்ம மரந்தானம்மா இது?" என்று மகளிடம் இரண்டு தரம் கேட்டார். மாலையில் மூன்றாம் பரிசு கொடுத்தார்கள். நானும் கைதட்டினேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சந்தில் கிடந்த கிளைகளில் நல்ல குச்சி அப்போதும் இருந்திருக்கும். நானே உட்கார்ந்து இன்னும் பத்துக் கட்டிக் கொடுத்திருக்கலாம். திட்டு வாங்கப் பயந்தேன், அவ்வளவுதான். அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டேன்.

போன பொங்கல் விழாவுக்குப் பழைய மாணவர்களையும் கல்லூரிக்கு அழைத்திருந்தார்கள். அவளும் வந்திருந்தாள். இப்போது வங்கியில் வேலை. வரிசையாக வைத்திருந்த மாங்கன்றுகளின் முன்னால் இருவரும் நின்றோம்.

"எங் கன்னு ஒரே வாரத்துல காஞ்சுபோச்சுக்கா," என்றாள். "அதுக்கப்புறம் நான் ஒண்ணுகூடக் கட்டல. என் கை ராசியில்லாத கை. அத்தா இன்னமும் அந்த மரத்தப் பத்திப் பேசுவாக. எனக்குத்தான் அவுக மூஞ்சியப் பாக்கச் சங்கடமா இருக்கும்."

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"சில பேர் கைக்கு அப்படித்தாம்மா," என்றேன்.