கண்மாயில் மீன் பார்த்தவர்

கறம்பக்குடி பக்கம் எங்கள் கண்மாய்க்கு ஞாயிறுதோறும் ஒருவர் காரில் வந்து தூண்டில் போடுவார். தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாக இருப்பார். சவுதியில் வேலை பார்த்துத் திரும்பியவர் என்றார்கள். ஆரஞ்சுப் பழம் அளவுள்ள ஒரு கருவியைத் தூண்டில் நரம்பில் கட்டித் தண்ணீரில் வீசுவார். அடியில் மீன் இருக்கும் இடம் அவருடைய செல்போனில் தெரியும். திரையைப் பார்க்கும்போது யார் பேசினாலும் பதில் சொல்ல மாட்டார்.

ஒரு ஞாயிறு அவர் வந்தபோது கரையில் கூட்டம் நின்றது. வீட்டில் சண்டை போட்டுப் போன ஓர் இளைஞனின் பைக்கும் செருப்பும் முதல் நாள் அங்கே கிடந்தன. தீயணைப்புக்காரர்கள் தேடிவிட்டுப் போயிருந்தார்கள். அவன் தாய் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இத வச்சுப் பாத்துச் சொல்லுங்களேன்" என்று நான்தான் கேட்டேன்.

அவர் கரையைச் சுற்றி வந்து வீசிக்கொண்டே இருந்தார். வெயில் சாய்ந்ததும் அந்தத் தாயிடம் வந்து குனிந்தார்.

"ஆத்தா, நல்லாப் பாத்துட்டேன். ஒங்க மகன் தண்ணிக்குள்ள இல்ல. எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க."

அவள் எழுந்து போனாள்.

காருக்குப் போனவரிடம், "அவ்வளவு உறுதியாத் தெரியுதாங்க?" என்றேன்.

"அடியில ஒரே சேறும் கருவேல மரமுமா இருக்குங்க. ஒண்ணும் பிடிபடல" என்றார். "அந்தம்மா ஒரு வாய் சோறு திங்கணும்ல."

அந்த வாரமே மகன் திருப்பூரிலிருந்து போன் செய்தான். பிணம் மிதந்திருந்தால் ஊர் இவரை என்ன செய்திருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன். அவர் அதன்பின் எங்கள் கண்மாய்க்கு வரவில்லை. தான் சொன்னது உண்மையாகிப்போனது அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை.