கேட்காமலே தீர்ப்புச் சொன்ன பாட்டு

போன மாதம் மாட்டுத்தாவணியில் ஒத்தக்கடை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது, உலகத்துக்கே தெரிந்த ஒரு விஷயத்தை நான் கண்டுபிடித்தேன். பூ மார்க்கெட்டிலிருந்து வந்த ஒரு அம்மா மல்லிகைக் கூடையை என் காலடியில் இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். நான் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஒரு பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பிரசங்கம் முடிந்ததும் போன் தன் இஷ்டத்துக்கு வேறொன்றுக்குத் தாவியது. முதலில் டிரம்ஸ். பிறகு கிடார். அப்புறம் சில வாலிபர்கள் சேர்ந்து இங்கிலீஷில் பாட ஆரம்பித்தார்கள். அடுத்தடுத்து இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். பிரசங்கத்துக்காக நான் இதுவரை ஒரு பஸ்ஸைக்கூட விட்டதில்லை.

ஒரு நல்ல விஷயம் கிடைத்தால் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்பது என் சுபாவம். வீட்டுக்கு வந்ததும் குடும்பக் குழுவில் எழுதினேன்: 'புதிதாக ஒரு பேண்டு வந்திருக்கிறது. இளம் வயதுப் பையன்கள். ஒழுங்காக உழைத்தால் முன்னுக்கு வருவார்கள்.'

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் அடுத்த நிமிஷமே போன் செய்தாள். "ஐயோ அப்பா, அதை மொதல்ல அழிங்க. அந்த பேண்டு கலைஞ்சே அம்பது வருசம் ஆச்சு. டிரம்ஸ் வாசிச்சவரு செத்தே போயிட்டாரு."

அழிப்பதற்குள் என் மனைவியின் தம்பி பார்த்துவிட்டான். "அத்தான், அடுத்து ரேடியோவக் கண்டுபிடிங்க" என்று பதில் எழுதி, பக்கத்தில் ஏழெட்டுச் சிரிக்கிற முகங்களையும் ஒட்டியிருந்தான். அவனுக்கு இந்த பேண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் தெரியாதவனும் தெரிந்தவன் பக்கம்தான் நிற்பான். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஏன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

தாமதமாக ஞானம் பெற்றவர்களுக்கு வேகம் அதிகம். அந்த வாரமே பேண்டின் பெயர் போட்ட கறுப்பு டீசர்ட் ஒன்றை மகளை நச்சரித்து வரவழைத்தேன். அதை மாட்டிக்கொண்டு காலையில் நடக்கப் போனால், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தார் கேட்டை விட்டு வெளியே வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு என் வயிற்றைப் படித்தார். "புதுக் கட்சியா சார்?" என்றார். பேண்டு என்றேன். "ஓ, கல்யாணத்துக்கு வாசிப்பாங்களா?" என்றார். விளக்குவதற்குள் அவருக்குக் காப்பி நேரம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் டெனர் வரிசையில் நின்று, பாட்டுப் புத்தகத்தை நேராகப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் வேறு தாளம் போட்டேன். பாடகர் குழுத் தலைவர் என்னை இரண்டு தடவை முறைத்தார். ஐம்பத்தேழு வயதில் முறைப்பு வாங்குவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கேட்கும்போதுதான் அது உறைத்தது. ஒரு பாட்டின் நடுவில் மற்றவர்கள் எல்லாம் நிறுத்திவிட டிரம்ஸ் மட்டும் தனியாகப் போகும் ஓர் இடம் வருகிறது. அடுத்த அடி எங்கே விழும் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்தது. மேஜையில் என் விரல் தானாகத் தட்டியது. இந்தப் பாட்டை நான் கேட்டதே இல்லை, ஆனால் இந்தத் தாளத்தைக் கேட்டிருக்கிறேன். பத்து நாள், தினமும், மதியம் டிபன்பாக்ஸ் மூடிய பிறகு, இரண்டு மர ஸ்கேலால்.

அது பாண்டி வாசித்தது.

முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் நகரத்துக்குள் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். பாண்டி அங்கே புதிதாகச் சேர்ந்த பி.டி. மாஸ்டர். உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். அவனுடைய அப்பா அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர். வீட்டில் முதல் பட்டதாரி இவன்தான். என்னைவிட இரண்டு வயது இளையவன், வாய் நிறைய அண்ணே என்பான். எங்கள் வாத்தியார்கள் அறையில் நான் ஒரு பெரிய மனிதன் என்று அவன் முடிவுகட்டியதற்குக் காரணம் உண்டு. மதுரையில் ஒருவன் கிறிஸ்தவன், பாடகர் குழுவில் நிற்கிறான், கிறிஸ்துமஸுக்கு டை கட்டுகிறான் என்றால் போதும், இங்கிலீஷ் சங்கீதம் முழுவதையும் கரைத்துக் குடித்தவன் என்று ஊரே நம்பிவிடும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் சங்கீதம் சர்ச்சில் பாடிய சுமார் நாற்பது ஞானப்பாட்டுகள். அதிலும் நாலு குரலில் ஒன்றான டெனர் பாகம் மட்டும். மற்ற மூன்று குரல்காரர்களையும் நிறுத்திவிட்டு என்னைத் தனியாகப் பாடச் சொன்னால் அது எந்தப் பாட்டு என்று கர்த்தருக்கே தெரியாது. ஆனால் ஊர் கொடுத்த பட்டத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. யாராவது இங்கிலீஷ் பாட்டைப் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவேன். பிதுக்கினால் அறிவாளி. இது எந்தத் துறைக்கும் பொருந்தும், வேண்டுமானால் முயன்று பாருங்கள்.

ஸ்போர்ட்ஸ் டே அணிவகுப்புக்கு இசை பதிவு செய்ய பாண்டி டவுன் ஹால் ரோட்டு நடைபாதையில் பழைய கேசட் ஒன்று வாங்கி வந்தான். லேபிள் உரிந்து, பசை மட்டும் ஒட்டியிருந்த கேசட். பதிவு செய்வதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று போட்டுப் பார்த்திருக்கிறான். மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே, விசில் கழுத்தில் ஆட, மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து என்னை நோக்கி ஓடிவந்தான்.

"அண்ணே, இதக் கேளுங்களேன்! யாருண்ணே இவய்ங்க? என்னா கொட்டு கொட்டுறாய்ங்க! ராத்திரி பூரா தூங்கலண்ணே. நீங்க கேட்டா யாருன்னு சொல்லிப்புடுவீங்கன்னு கொண்டாந்தேன்."

கேட்டால் சொல்லிவிடுவேனா? எனக்கு எந்த பேண்டின் பெயரும் தெரியாது. ஒரே ஒரு பெயர் தெரிந்திருந்தால்கூட அதைச் சொல்லித் தப்பித்திருப்பேன். "வீட்ல வச்சு நிதானமாக் கேட்டுச் சொல்றேன், பாண்டி" என்று கேசட்டை வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் டேப்ரிக்கார்டர் இருந்தது. நேரமும் இருந்தது. கேசட்டை பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தேன், அங்கேயே இருந்தது. கேட்டுவிட்டு யார் என்று தெரியாமல் விழிப்பதைவிடக் கேட்காமல் இருப்பது கௌரவம் என்று பட்டது. அந்தப் பத்து நாளும் பாண்டி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு ராத்திரி கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டு, இரண்டு ஸ்கேலால் மேஜையில் வாசித்துக் காட்டினான். தமிழய்யாவின் டம்ளர் குதிக்கும். கண்ணை மூடிக்கொள்வான், வேர்வை வழியும். நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பான்.

"கேட்டீங்களாண்ணே?"

பதினோராவது நாள் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தேன். உதட்டைப் பிதுக்கினேன். "கேட்டேன். பேர் சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்ல பாண்டி. சில்லறைப் பசங்க. இது சத்தம், சங்கீதமில்ல. இந்த மாதிரி அங்க தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பாய்ங்க."

அவன் முகத்தில் ஏதாவது மாறியதா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அன்றைக்கு நான் பார்க்கவில்லை. சமாளித்துவிட்டோம் என்ற நிம்மதியில் இருந்தேன்.

"அப்பிடியாண்ணே? எனக்கு என்னமோ... செரிண்ணே, நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். அப்ப இதுலயே மார்ச் பாஸ்ட்ட ஏத்திரவா?"

"ஏத்திரு" என்றேன்.

அப்படித்தான் உலகப்புகழ் பெற்ற ஒரு பேண்டின் மேல் எங்கள் பள்ளி லெஃப்ட் ரைட் போட்டது. ஸ்போர்ட்ஸ் டே அன்று சிறப்பு விருந்தினர் சல்யூட் வைக்க, நீல ஹவுஸ் முடிந்து பச்சை ஹவுஸ் திரும்பும்போது ஒரு கோளாறு நடந்தது. ஒரு மார்ச் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் பாண்டி சரியாகப் பதிவு செய்யாத ஒரு சின்ன இடைவெளி இருந்திருக்கிறது. ஒலிபெருக்கியில் சட்டென்று அந்தப் பழைய டிரம்ஸ் கிளம்பியது. ஆறேழு நொடிதான். பச்சை ஹவுஸ் பிள்ளைகளுக்குக் கால் பின்னியது. தலைமையாசிரியர் எழுந்தே விட்டார். எல்லோரும் மைக் செட்டைப் பார்க்க, பாண்டி மட்டும் மைதானத்து நடுவில் அப்படியே நின்று தலையை லேசாக உயர்த்தினான். அடுத்த மார்ச் வந்து அதை மூடியது. அவன் விசிலை ஊதி, பிள்ளைகளைத் திட்ட ஆரம்பித்தான். அதற்கப்புறம் ஸ்கேலைத் தொட்டு நான் பார்க்கவில்லை. மறு வருஷம் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்து ஊர்ப்பக்கமே போய்விட்டான்.

சாப்பாட்டு மேஜையில் இதெல்லாம் நினைவுக்கு வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தப்பு என்னுடையது, பாட்டு அவனுடையது. அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். நம்பர் தேடிப் பிடித்து, சனிக்கிழமை உசிலம்பட்டி பஸ் ஏறினேன். நல்லவேளை, டீசர்ட்டைப் போடவில்லை.

பாண்டி பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்தான். தலை நரைத்து, தொப்பை வைத்து, என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டான். "வாங்கண்ணே, வாங்க! எம்புட்டு வருசமாச்சு!" வீட்டுக்குக் கூட்டிப்போய் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போட்டான். அவன் மனைவி டீ கொடுத்தார். இரண்டு மாடு, ஒரு போர்வெல், கோயம்புத்தூரில் வேலையிலிருக்கும் பெரிய மகன் என்று கொஞ்ச நேரம் பேசினோம். பிறகு இயர்போனில் ஒன்றை அவன் காதில் வைத்து, இன்னொன்றை என் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டைப் போட்டேன்.

டிரம்ஸ் தனியாகப் போகும் இடம் வந்தது. அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் முழங்கால் மேல் மரியாதையாக இருந்தன. முடிந்ததும் இயர்போனைத் துடைத்து என்னிடம் கொடுத்தான்.

"என்னண்ணே, ஒரே சத்தமா இருக்கு?"

"பாண்டி, இது அந்தக் கேசட்டுப்பா. டவுன் ஹால் ரோட்ல வாங்கினியே. ஸ்கேல வச்சு அடிப்பியே."

கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு சிரித்தான். "அதா! நீங்கதான் அன்னைக்கே சொல்லிட்டீங்களேண்ணே, இது சத்தம், சங்கீதமில்லன்னு. எங்க பெரியவன் பத்தாவது படிக்கையில கிடார் வேணும்னு ஒரே அழுக. நான் உங்க பேரச் சொல்லித்தான் மறிச்சேன். 'எங்க பழைய ஸ்கூல்ல ஒரு சாரு, இங்கிலீசு பாட்டுல கரைகண்டவரு, அவரே இது ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாருடா'ன்னேன். அம்புட்டுத்தான், வாய மூடிட்டான்."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "பாண்டி, நான் அதக் கேக்கவே இல்லப்பா. பத்து நாளும் பீரோவுல வச்சிருந்து திருப்பிக் குடுத்தேன். எனக்கு எந்த பேண்டும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிச்சேன்."

அவன் என்னை உற்றுப் பார்த்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"போங்கண்ணே!" என்றான். "எனக்காகச் சொல்றீங்க. உங்களுக்குத் தெரியாததா? எம்புட்டுப் பெரிய ஆளு நீங்க." உள்ளே திரும்பி மனைவியிடம், "அண்ணே எப்பவுமே இப்பிடித்தான். தன்னடக்கம்" என்றான்.

அதற்கு மேல் நான் என்ன சொல்லியும் ஏறவில்லை. பஸ் ஏற்றிவிடும்போதும் கண்டக்டரிடம், "சாருக்கு நல்ல சீட்டாப் பாத்துக் குடுங்க, பெரிய மனுசரு" என்றான். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு கையசைத்தேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது எனக்கு.

டவுன் ஹால் ரோட்டில் கேசட் விற்றவர்கள் இப்போது இல்லை. வாத்தியார்கள் அறையில் மர ஸ்கேலும் இல்லை, மைக் செட்டில் கேசட் போடுவாரும் இல்லை. அதையெல்லாம் எண்ணிப் பெருமூச்சு விட நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த பேண்டுக்கு ஒரு குறையும் வரவில்லை, போனைத் தொட்டால் எல்லாப் பாட்டும் வருகிறது. மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து "அண்ணே, இதக் கேளுங்களேன்" என்று ஒருவன் என்னை நோக்கி ஓடிவந்தான். அதற்குப் பிறகு அப்படி எதையும் தூக்கிக்கொண்டு யாரும் என்னிடம் ஓடி வந்ததில்லை.