வழி சொன்னது என் தப்பு

போன ஞாயிற்றுக்கிழமை, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வீட்டில், நான் வருவதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

காற்றில் தானாகச் சாத்திக்கொண்ட கதவு இல்லை. வாசலில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு விநாடிதான். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினார். அப்புறம் தாழ்ப்பாள் போடுகிற சத்தம்...

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பின்னே? விடிகாலையில் சேலத்தில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு புரண்டு, ஏற்காட்டில் வேறு பஸ் மாறி, இறங்கி ஒரு மணி நேரம் நடந்து வந்திருக்கிறேன். முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினால்?

அவரைப் பொன்னம்மா என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரை முன்பு எழுதித் தொலைத்துவிட்டேன். இந்தத் தடவையாவது புத்தி வர வேண்டாமா?

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நாலு மாதத்துக்கு முன் இதே பக்கத்தில் எழுதினேன். ஏற்காட்டுக்குப் போனவள், ஏரியையும் படகையும் பார்த்து அலுத்துப்போய், கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறி, எங்கோ இறங்கி, தண்ணீர்த் தாகத்தில் ஒரு மலைக் கிராமத்து வீட்டு வாசலில் நின்ற கதை. பொன்னம்மா பின்னால் இருந்த ஊற்றிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம் ராகிக் களியும் கீரையும் போட்டார். அவர் கணவர் அண்ணாமலை மிளகுக் கொடியையெல்லாம் காட்டினார். கிளம்பும்போது பை நிறைய ஆரஞ்சு. நான் யார், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உருகி உருகி எழுதினேன். எழுதியதோடு விட்டேனா? ‘எப்படிப் போவது?’ என்று கட்டம் கட்டி வழியும் போட்டேன். எந்த பஸ், எங்கே இறங்குவது, எந்தப் பலா மரத்தில் திரும்புவது... ‘ஒரு குரல் கொடுத்தால் போதும், யார் போனாலும் வரவேற்பார்கள்’ என்று கடைசியில் ஒரு வரி. அந்த வீட்டுக்காரர்களைக் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

கடிதம் கடிதமாக வந்தது. கண்ணீர் வந்துவிட்டது என்றீர்கள். நாங்களும் போய் வந்தோம் என்றீர்கள். வழி சரியாகப் புரியவில்லை என்று கேட்டவர்களுக்குக் கார்டில் படம் வரைந்தே அனுப்பினேன். என் வீட்டுக்காரர் மட்டும், “உனக்கு எதுக்கு இந்த வேலை?” என்று கேட்டார். அவருக்கு ரசனை போதாது என்று முடிவு கட்டினேன்.

சாத்திய கதவுக்கு முன்னால் விழித்துக்கொண்டு நின்றபோது, தோட்டத்திலிருந்து மண்வெட்டியோடு அண்ணாமலை வந்தார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், வந்த வழியைப் பார்த்தார்.

“ஏனுங்கம்மா, இன்னைக்கு எத்தினி பேரு வந்திருக்கீங்க?”

“நான் மட்டும்தாங்க.”

“பஸ்ஸுல வேற யாரும் எறங்கலீங்களா?”

“இல்லீங்களே. ஏன்?”

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். என் பத்தி! வந்தவர்களில் யாரோ விட்டுப்போனதாம்.

“படிச்சுப் பாத்தனுங்க. நொம்ப நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. எங்க ஊடுன்னே தெரியலீங்க.”

“ஏங்க அப்படிச் சொல்றீங்க?”

“கதவு எந்நேரமும் தொறந்தே கெடக்கும், அப்படியாப்பட்ட மனசுன்னு எழுதியிருக்கீங்க. அன்னைக்குத் தாப்பா ஒடஞ்சு கெடந்துச்சுங்க. இப்ப மாத்திட்டனுங்க.”

சிரிக்காமல்தான் சொன்னார். நானும் சிரிக்கவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. முதல் ஞாயிறு நாலு பேர். அடுத்த ஞாயிறு பத்துப் பேர். பொங்கல் லீவில் வேன் வைத்துக்கொண்டு வந்தார்களாம். எல்லாருக்கும் ஆரஞ்சு கொடுத்துக் கொடுத்து, ஏற்காடு சந்தைக்குப் போக வேண்டிய பழம் வாசலிலேயே தீர்ந்தது. தண்ணீர் என்று கேட்டு வந்தவரை இல்லை என்று சொல்லி அனுப்புகிற பழக்கம் அந்த மலையில் கிடையாது. அது தெரிந்துதான் நானும் எழுதினேன், நீங்களும் போனீர்கள்.

போனதோடு நிறுத்தினீர்களா?

ஒருவர் டேப் ரிக்கார்டரோடு வந்து நாட்டுப் பாட்டுப் பாடச் சொல்லியிருக்கிறார். தெரியாது என்றதும், “வெட்கப்படாதீங்க” என்று மைக்கை நீட்டியிருக்கிறார். ஒரு குடும்பம் சமையல்கட்டுக்குள் நுழைந்து சட்டி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “பத்திரிகையில வந்த கீரை இன்னிக்கு இல்லையா?” என்று கேட்டிருக்கிறது. பொன்னம்மா வீடு என்ன ஹோட்டலா? என் பத்தி என்ன மெனு கார்டா? இன்னொருவர், அடுப்பு ஊதுகிற மாதிரி படம் வேண்டும் என்று, அணைத்திருந்த அடுப்பைத் திரும்பப் பற்றவைக்கச் சொன்னாராம். பற்றவைத்தார். வந்தவர் ஆயிற்றே... ‘நீங்கள்லாம் என்ன ஜாதி?’ என்று கேட்ட புண்ணியவானும் உண்டு. உள்ளூர் மக்களோடு கலந்து பழகுகிறாராம்!

இதெல்லாம்கூடப் போகட்டும். மாசிக் கடைசியில் ஒரு கோஷ்டி வந்தது. ஆறேழு பேர். நடந்த களைப்பில், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊற்றில் இறங்கிக் குளித்துவிட்டார்கள். செருப்புக் காலோடு இறங்கி, சோப்புப் போட்டு, தலைக்கு ஷாம்பு போட்டு.

அந்த ஊற்று பொன்னம்மாவின் சொத்து இல்லை. பதினைந்து வீட்டுக்குக் குடிதண்ணீர். வெயில் காலத்தில் வற்றாத ஊற்று அந்தப் பக்கம் அது ஒன்றுதான். ஊர்க்காரர்கள் பத்தடி தள்ளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் குடத்தோடு போவார்கள். நம்ம ஆட்கள் போன பிறகு, கல்லிடுக்கு முழுக்க நுரையும் கிழிந்த ஷாம்பு பாக்கெட்டும். மூன்று நாள் ஊரே தண்ணீரை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்ததாம்.

குளித்தவர்கள் யார்? இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்களா? படித்துத்தானே போனீர்கள். சமைக்கிற பானையில் கால் அலம்புவீர்களா உங்கள் வீட்டில்? நானாக இருந்தால் கையில் கிடைத்த விளக்குமாற்றோடு துரத்தியிருப்பேன். பொன்னம்மாவுக்கு அது தெரியாது. தலை துவட்டத் துண்டு கேட்டபோது எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

ஊர் கூடியது. அவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது: வெளியாளுக்கு எந்த வீட்டில் முதலில் தண்ணீர் கொடுத்தார்களோ, அந்த வெளியாள் செய்வதற்கெல்லாம் அந்த வீடு பொறுப்பு. ஆக, குற்றவாளி யார்? பொன்னம்மா! இனி ஊர் சொல்கிறவரை அந்த வீட்டுக் குடம் ஊற்றில் இறங்கக் கூடாது.

“அப்ப தண்ணிக்கு?” என்றேன்.

அண்ணாமலை சரிவைக் காட்டினார். கீழே, மரங்களுக்கு நடுவில் எங்கேயோ ஓடை. இறங்க அரை மணி, நிறைகுடத்தோடு ஏற முக்கால் மணி. காலையில் இரண்டு நடை, சாயந்திரம் இரண்டு நடை.

“ஊத்துப் பொடக்காளியிலயே, ஊட்டுக்குப் பின்னாலயே இருக்குதுங்க. சத்தங்கூடக் கேக்குது. மத்த பொம்பளைங்க மொண்டுட்டுப் போறாங்க. இவ குடத்தைத் தூக்கிட்டுக் கீழ போறா. அதுதானுங்க அவளால தாங்க முடியல.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இது என்ன நியாயம்? சோப்புப் போட்டவன் ஊருக்குப் போய் விசிறிக்குக் கீழே தூங்குகிறான், துண்டு கொடுத்தவர் மலை ஏறி இறங்குகிறாரா? நேரே, ஊர் கூடினால் தீர்ப்புச் சொல்கிற ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனேன். தலை நரைத்த ஆளை எதிர்பார்த்தேன். நாற்பது வயதுகூட இருக்காது. காபிச் செடிக்கு மேலே நிழல் மரக் கிளைகளைக் கழித்துவிட்டு, அரிவாளும் கையுமாக அப்போதுதான் வந்திருந்தார். கத்தினேன். உண்மையிலேயே கத்தினேன். அநியாயம் என்றேன். ஒரு பெண்ணை இப்படியா செய்வது என்றேன். அவர் அரிவாளை ஓரமாக வைத்துவிட்டு, நான் முடிக்கும் வரை கேட்டார்.

“குளிச்சவங்க பேரு தெரியுமுங்களா உங்களுக்கு?”

“தெரியாது.”

“ஊரு?”

“தெரியாது.”

“எங்களுக்குந் தெரியாதுங்க. தெரிஞ்சது பொன்னம்மா ஒருத்திதானுங்க. அவளைக் கேக்காம யாரைக் கேக்கறது? சொல்லுங்க.”

“என்னைக் கேளுங்க. அவங்களை அனுப்பிச்சது நான்தான்.”

சொல்லிவிட்டேன். அவர் என்னை முதல் தடவையாக உற்றுப் பார்த்தார்.

“அந்தப் புஸ்தகத்துல எழுதுனது நீங்களுங்களா?”

“ஆமாங்க. நானே ஊற்றைச் சுத்தம் பண்ணிக் குடுத்துடறேன். எறைச்சு, தேய்ச்சு, என்ன சொன்னாலும் செய்யறேன்.”

“அதெல்லாம் அன்னைக்கே ஆயிப்போச்சுங்க. பொன்னம்மாவே ஒத்தையில எறைச்சுக் கழுவி உட்டுட்டா.”

என்னிடம் கொடுப்பதற்கு ஒரு வேலைகூட அவரிடம் இல்லை.

“இன்னொண்ணு எழுதறேங்க. யாரும் போகாதீங்கன்னு எழுதறேன்.”

“நீங்க எழுதித்தானுங்களே அவங்க வந்தாங்க.”

எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான். அவர் அரிவாளை எடுத்துச் சுவர் இடுக்கில் செருகினார்.

“உங்க புஸ்தகம் எப்ப வருமுங்க?”

“வர்ற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி.”

“சரிங்க. அதுல இருந்து நாலு ஞாயித்துக்கெழமை பாக்கறமுங்க. வெளியாளு ஒருத்தரும் வரலீன்னா, பொன்னம்மா குடத்தை எடுத்துட்டு ஊத்துக்கு வரட்டும். ஊருக்கு நாஞ் சொல்லிக்கறேன்.”

“யாராவது ஒருத்தர் வந்துட்டா?”

“வந்துட்டா அப்புறம் நாஞ் சொன்னா ஊரு கேக்காதுங்க.”

திரும்பி வந்தபோது பொன்னம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. எனக்குத் தொண்டை வறண்டு கிடந்தது. அந்த வீட்டில் தண்ணீர் கேட்க வாய் வரவில்லை. அவரே சொம்பை நீட்டினார்.

“ஓடத் தண்ணிங்க. காச்சி ஆற வெச்சது. குடிங்க.”

முக்கால் மணி நேரம் தலையில் சுமந்து ஏற்றிய தண்ணீர். வேண்டாம் என்றேன். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. வாங்கிக் குடித்தேன். வெட்கமாக இருந்தது. இவ்வளவு வயதுக்கு அப்படி ஒரு வெட்கம் பட்டதில்லை.

“எம் மேல கோவமா?” என்றேன். அசட்டுக் கேள்வி.

“கோவந்தானுங்க. உங்க மேலதான். வந்தவங்க யாரு எவருன்னே தெரியாதுங்க, அவங்க மேல எப்படிக் கோவப்படறது?” சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “நீங்க வந்தன்னைக்கு எனக்கு நொம்ப சந்தோசமுங்க. பேச ஒரு ஆளு வந்துச்சேன்னு இருந்துச்சு. உங்ககிட்டத்தானுங்க பேசுனேன். ஊருக்கெல்லாம் சொல்லுவீங்கன்னு நெனைக்கல.”

பஸ்ஸில் மலை இறங்கி வரும்போது வளைவுக்கு வளைவு அதுதான் காதில் கேட்டது. மக்களோடு பழகுவது எப்படி என்று நான் இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை உங்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! ஒருத்தர் மனசு விட்டுப் பேசியதை, அவரைக் கேட்காமல் ஊருக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன். இதற்குப் பெயர் பழகுவதா?

ஆகவே, அன்பர்களே, இந்த வாரம் கதை இல்லை. கோரிக்கை... இல்லை, உத்தரவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய இதழ் வீட்டில் இருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். நான் வரைந்து அனுப்பிய கார்டுகளையும்தான். ஏற்காட்டுக்குத் தாராளமாகப் போங்கள். கடைத்தெருவில் நாலு பேரோடு பேசுங்கள், பழம் வாங்குங்கள், விலைக்கு வாங்குங்கள். அந்தப் பலா மரத்தில் மட்டும் திரும்பாதீர்கள். மன்னிப்புக் கேட்கிறேன், ஆறுதல் சொல்கிறேன், புதுக் குடம் வாங்கித் தருகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு என்பது எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருக்கிறது.

நாலு ஞாயிறு. சும்மா வீட்டில் இருப்பதைத் தவிர பொன்னம்மாவுக்கு நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

‘நாங்கள் போகக் கூடாது, நீங்கள் மட்டும் போவீர்களாக்கும்?’ என்று யாராவது கார்டு போடுவீர்கள். தெரியும். எனக்குப் போக வேண்டும் போலத்தான் இருக்கிறது. நான் கிளம்பும்போது ஊர்க்கவுண்டர் பஸ் பாதை வரைக்கும் கூடவே வந்தார். வழியனுப்ப வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

“வெளியாளுன்னு சொன்னது உங்களையும் சேத்துத்தானுங்க” என்றார்.